ஒப்புநோக்கு அக்காவின் நீல நோட்டு

எங்கள் நீதிமன்ற நகல் பிரிவில் ஒருவர் அசலை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் நகலில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக வாசிப்பது நான், சரிபார்ப்பது அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை, வேலையால் வாய்த்த அக்கா. அலுவலகம் முழுக்க அவருக்கு ‘ஒப்புநோக்கு அக்கா’ என்றுதான் பெயர். தன் நிழலையே நம்பாத மனுஷி. இடையில் எழுந்து போய் வந்தால், மேசையில் வைத்துவிட்டுப் போன டீயைத் தொட மாட்டார். சுவர்க் கடிகாரம் பத்து காட்டினால் என் கைக்கடிகாரத்தைக் கேட்பார், பிறகு எதிர் மேசைக்காரருடையதை. “மூணுல ரெண்டு ஒத்துப்போனா சரி” என்பார்.

மாலைக் கல்லூரியில் சட்டம் படித்து, முதுகலையும் முடித்தவர். நாற்பத்தொன்பது வயதில், சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றார். ஐம்பது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்களாம்; இந்த வருடத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆய்வுப் பொருள் எங்கள் மேசையிலேயே இருந்தது. தீர்ப்பை எதிர்த்து முறையிட முப்பது நாள் கெடு. அதற்குத் தீர்ப்பின் நகல் வேண்டும். நகல் எங்களிடமிருந்து தாமதமாகப் போனால் கெடு தாண்டிவிடும், வழக்கும் அதோடு செத்துவிடும். அப்படிச் செத்த வழக்குகளைப் பதினோரு வருடமாக ஒரு நீல நோட்டில் குறித்து வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த நோட்டை அவர் வீட்டுக்காரர்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

நாற்பது வழக்குகளை மட்டும் பட்டியல் போட்டு ஆய்வுத் திட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படித்துச் சொல் என்று எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். பத்தாம் நாள், அங்கே விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: நோட்டின் முழு நகலையும் அனுப்பவும்.

“பாத்தியா, மூக்கு வேர்த்துடுச்சு அந்தாளுக்கு. என் உழைப்பைத் தூக்கி அவன் பேர்ல புத்தகம் போட்டுருவான்.”

“எல்லார்கிட்டயும் கேக்குறதுதானே அக்கா?”

“நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற? உனக்கு அவனை முன்னாடியே தெரியுமா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அக்கா நோட்டை அனுப்பவில்லை. அடுத்த வாரம், ஒரு பேராசிரியர் மூன்று நாளாக நம் பதிவறையில் உட்கார்ந்து பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்க்கிறார் என்று பியூன் வந்து சொன்னார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அந்த மனிதர்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

நேர்காணலில் நடந்ததை அன்று மதியமே வந்து சொன்னார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பேராசிரியர் பட்டியலை எடுத்து வைத்தாராம்.

“நாப்பதையும் நானே போய்ப் பாத்தேம்மா. முப்பத்தொம்பது அச்சுப் பிசகாம இருக்கு. இருபத்தாறாவது மட்டும் அப்படி ஒரு வழக்கே இல்ல. டைப்பிங் தப்பா?”

ஆமாம் என்றிருந்தால் வேலை முடிந்தது. பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஆமாம் என்று சொல்லும்படி தலையாட்டி எடுத்துக்கூடக் கொடுத்தாராம். ஆனால் ஒவ்வொரு நகலின் அடியிலும் ‘அசலுடன் ஒத்துள்ளது’ என்று கையெழுத்துப் போட்டே பழகியவருக்கு அந்தப் பொய் வரவில்லை.

“இல்ல சார். வேணும்னுதான் போட்டேன். நீங்க திருடிட்டா, அந்த நம்பரை வச்சுப் பிடிக்கலாம்னு.”

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லையாம்.

“ஊர்ல உள்ளவங்க எழுத்தையெல்லாம் நாம ஒத்துப் பாக்குறோம். என் எழுத்தை ஒத்துப் பாத்த மொத ஆளு அவருதான். அவருக்குப் போய் பொறி வச்சேன்” என்றார் அக்கா.

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் சுருக்கென்றது. இழுப்பறையிலிருந்து என் பிரதியை எடுத்து அவர் முன் போட்டேன்.

“இதுல?”

அக்கா சிவப்புப் பென்சிலை எடுத்தார். இருபத்தாறாவதைத் தாண்டிப் போய், முப்பத்தோராவது எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு ஆபரேஷன் நடந்தபோது எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான்.

“வீட்டுக்காரருக்குக் குடுத்த பிரதிலயும் வேற ஒண்ணு இருக்கு” என்றார். அதுதான் எனக்குச் சொன்ன சமாதானம்!

அடுத்த நான்கு நாள் வாசிப்பதற்கு மட்டுமே வாயைத் திறந்தேன். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. உண்மைக்குப் புறம்பான விவரம் தந்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் துணைவேந்தரிடம் முறையிடலாம்; நேர்காணல் குறிப்பின் நகலை இணைக்க வேண்டும்.

அன்றைக்கே அந்த நகலுக்குப் பல்கலைக்கழகத்தில் மனுப் போட்டார். ஒரு வாரம் பொறுத்துவிட்டுத் தினமும் போய் நின்றார். கையெழுத்துப் போடுகிறவர் லீவு. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். பக்கத்து அறையில் கேளுங்கள்.

“வேணும்னே இழுக்கறாங்க” என்றார்.

இந்தச் சாக்குகள் ஒவ்வொன்றையும் எங்கள் ஜன்னலில் நின்றவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவற்றில் எது நிஜம், எது பொய் என்று எனக்கே இப்போது நினைவில்லை.

நகல் முப்பத்துநான்காம் நாள் கிடைத்தது. முறையீட்டை வாங்கவே மறுத்துவிட்டார்கள்.

அக்கா அழவில்லை. பையிலிருந்து நீல நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார். அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரியிலும் வழக்கு எண், பெயர், தாமதமான நாள்.

“எழுது. இருநூத்திப் பதிமூணு.”

“உங்க நோட்டு, அக்கா. நீங்களே எழுதுங்க.”

“என் கேஸை நானே எழுதுனா எவன் நம்புவான்?”

அவர் பெயரை எழுதினேன். தாமதம் நான்கு நாள் என்று எழுதினேன். வழக்கம்போல் உரக்க வாசிக்க வாயெடுத்தேன். அக்கா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, சரிபார்க்காமலே நோட்டை மூடினார்.