கொழுந்துக்கு ஒத்துக்கொள்ளாத சன் கிரீம்

கன்னத்தில் கருந்திட்டு பரவுகிறது என்று பதுளை டாக்டர் சன் கிரீம் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று காலை முதல் தடவையாக முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன்.

நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை என் கொழுந்தை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

“என்னம்மா, செண்ட் அடிச்சிட்டு வந்திருக்கியா?”

“இல்லீங்க ஐயா, வெயிலுக்குப் பூசுற மருந்து.”

“தேயிலையில வாசம் ஏறிருச்சுன்னா பெக்டரியில என்னையத்தான் ஏசுவாங்க. போய்க் கழுவிட்டு வா.”

மலையிலிருந்து குழாய் வழியாகக் கொட்டும் பீலித் தண்ணீரில் கழுவினேன். பிறகு பின்னேரம் மூன்று மணிவரை அதே வெயில்.

வேலை முடிந்து, வேறு கிரீம் கேட்கலாம் என்று பார்மசிக்கு பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில், சுற்றுலாக்காரர்கள் தங்கும் எல்ல என்ற ஊரில் இருந்து வரும் ஒரு வெள்ளைக்காரப் பெண். குழாயைப் பிதுக்கி முகம், கழுத்து, கால் என்று பூசினார். பஸ் முழுக்க வாசம்.

“தேயிலைத் தோட்டம் பார்க்கப் போறாங்களாம்” என்றார் கண்டக்டர், சிரித்துக்கொண்டே.

பார்மசியில் இருந்ததெல்லாம் வாசமுள்ளதுதான்.

வாசமே இல்லாத சன் கிரீம் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். என் முகத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் கொழுந்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.