அண்ணி வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனா

என் அண்ணனுக்குக் கழுத்து திரும்பாது. இடது பக்கம் கொஞ்சம் திரும்பும். வலது பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் மொத்த உடம்போடுதான் திரும்புவார். கேரி தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் டிராக்டர் ஓட்டியதன் பலன். டிராக்டர்காரன் முன்னால் பார்த்தால் மட்டும் போதாது. பின்னால் மாட்டியிருக்கும் கருவி நேராக வருகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். முப்பது வருடம் எத்தனை தடவை திரும்பியிருப்பார் என்று கணக்குப் போட்டால் எனக்கே கழுத்து வலிக்கிறது.

வலி முற்றியபோது தோட்டத்து மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, வாசல் காவலுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார். மேனேஜர் தமிழர்தான், வயதில் சின்னவர், மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அண்ணன் கிள்ளான் நகரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கேட்டத் தொறந்து மூடுறதுக்கா நான் இத்தன வருஷம் வண்டி ஓட்டுனேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அண்ணிதான் போனில் சொன்னார்.

நான் நில அளவைக்காரி. தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். விவசாயத்துக்கென்று செயற்கைக்கோள் நிலையங்கள் அமைக்கும் வேலையை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். விஷயம் சிக்கலானதில்லை. போனில் வழி பார்க்கிறோமே, அதில் செயற்கைக்கோள் சொல்லும் இடம் சில அடி தள்ளித்தான் இருக்கும். கடைக்குப் போக அது போதும், கன்று நட அது போதாது. அதனால், துல்லியமாக அளந்து வைத்த ஓர் இடத்தில் ஒரு கருவியை அசையாமல் நிறுத்திவிடுவோம். 'நான் இருப்பது இங்கே, செயற்கைக்கோள் சொல்வது அங்கே, தவறு இவ்வளவு' என்று அது நொடிக்கு நொடி இணையம் வழியாக டிராக்டருக்குச் சொல்லும். டிராக்டர் அந்தத் தவறைக் கழித்துக்கொண்டு விரலளவு பிசகாமல் தானே நேராகப் போகும். பின்னால் இருக்கும் கருவியும் முன்னால் திரையில் தெரியும்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு விவசாயம் நினைவுக்கு வரவில்லை. அண்ணனின் கழுத்துதான் நினைவுக்கு வந்தது. மேனேஜரிடம் போய், மறுநடவு செய்யப்போகும் வயலில் ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள், உரம் மிச்சம், எரிபொருள் மிச்சம் என்றெல்லாம் பெரிய விளக்கம் கொடுத்தேன். உள்ளுக்குள் இருந்தது ஒரே காரணம். அவர் கெட்டிக்காரர், கண்டுபிடித்துவிட்டார். "சரிக்கா. நல்லா ஓடுச்சுன்னா அண்ணனே ஓட்டட்டும். ஓடலன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது லா" என்றார்.

மூன்று நிலையங்கள் தேவைப்பட்டன. ஒன்று எங்கள் அலுவலக மாடியில், இன்னொன்று அம்பாங்கில். இரண்டும் தீவுக்குத் தூரம். பக்கத்தில், கிள்ளானில் ஒன்று இருந்தால்தான் டிராக்டருக்குத் துல்லியம் கிடைக்கும். சுற்றிலும் வானம் திறந்திருக்கும் மாடி வேண்டும். கேட்ட வீடுகளில் எல்லாம் கதிர்வீச்சு வரும், தலைவலி வரும் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் அண்ணன் வீடுதான். தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. பின்பக்கச் சமையலறைக்கு மேலே நல்ல சிமென்ட் தளம், தண்ணீர்த் தொட்டி, அண்ணியின் துணிக்கொடி.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நாக்கு நீளம் என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். அண்ணிக்கு நாக்கே கிடையாதோ என்று நான் நினைத்ததுண்டு. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருப்பார். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் ஒரு வரி. இத்தனை வருடத்தில் நாங்கள் சண்டை போட்டதும் இல்லை, உட்கார்ந்து பேசியதும் இல்லை.

தூண் கட்டி, கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஆன்டெனாவை அதன் மேல் பொருத்தி, அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட நான்கு நாள் விட்டுவைத்தேன். "ஒரு வீடு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க நாலு நாளாம்மா?" என்று அண்ணி கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. தூணைத் தொடக்கூடாது, துணி காயப்போடக்கூடாது, ஒரு விரல் நகர்ந்தாலும் வயலில் வரிசை கோணிவிடும் என்று சட்டம் போட்டேன். மறுநாளே துணிக்கொடி வீட்டு முன்பக்கம் போய்விட்டது. ஆன்டெனாவோடு இணைந்த பெட்டியும் மோடமும் மாடி அறையில், அண்ணியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தன. கிளம்பும்போது, "இது போச்சுன்னா அண்ணன் வண்டியும் போச்சு அண்ணி, பத்திரமாப் பாத்துக்குங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் வாரம் அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். ஸ்டியரிங் தானே திரும்புவதைப் போனில் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். டிராக்டர் போகப் போகப் பின்னால் இருக்கும் கருவி கன்றுக்குழி தோண்டிக்கொண்டே வரும். குழிகள் நூல் பிடித்தமாதிரி இருந்தன.

இரண்டாவது வாரம் சனி பிடித்தது. மத்தியானம் மூன்று, நான்கு மணிக்குக் கிள்ளான் நிலையம் செத்துவிடும். டிராக்டர் திரையில் பச்சைப் புள்ளி சிவப்பாகி, வண்டி கத்திக்கொண்டு நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் தானே சரியாகிவிடும். தினமும் இல்லை. கிள்ளானில் மழை பெய்யும் நாளில் மட்டும். அண்ணிக்குப் போன் போட்டு, "கரண்ட் போச்சா?" என்று கேட்பேன். "இல்லையேம்மா" என்பார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் கேபிளில் ஈரம் என்று கேபிளை மாற்றினேன். மோடத்தை மாற்றினேன். இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, அங்கே போனை எடுத்த பாவப்பட்ட பெண்ணைத் திட்டினேன். கருமேகம் சிக்னலைத் தின்கிறதோ என்று கூட ஒரு நாள் யோசித்தேன். படித்த படிப்பை அன்று யாராவது திருப்பிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

கடைசியில் மேனேஜரே கூப்பிட்டார். "அக்கா, வியாழக்கிழமை நானே வயலுக்கு வரேன். அன்னிக்கும் நின்னுச்சுன்னா சாமான எடுத்துக்குங்க." அண்ணனைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடியும் கிள்ளானுக்குப் போனேன். மாடி அறையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி விழுந்ததும் கீழேயிருந்து படபடவென்று படியேறும் சத்தம். அண்ணி மூச்சிரைக்க உள்ளே வந்தார். என்னைத் தாண்டிக் குனிந்தார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

என் வாய் திறந்தது, மூடவே இல்லை. "என்ன அண்ணி செய்றீங்க? ரெண்டு வாரமா பைத்தியக்காரி மாதிரி அலையுறேன். கரண்ட் போச்சான்னு எத்தன தடவ கேட்டேன்? ஒரு வார்த்த சொன்னீங்களா? அண்ணன் வேலைல மண்ணப் போட்டுட்டீங்களே!"

அண்ணி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கரண்ட் போகலையேம்மா" என்றார். "இடி இடிச்சா பிளக்கப் புடுங்கணும்ல. டிவி அப்புறமா புடுங்கிக்கலாம்னு மொதல்ல இதுக்குத்தான் ஓடி வருவேன். இது போச்சுன்னா அவரு வண்டி போச்சுன்னு நீதான சொன்ன."

கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் வீட்டிலும் நான் செய்வதுதான். முந்தின சனிக்கிழமைகூட என் டிவியையும் மோடத்தையும் கழற்றிப்போட்டுவிட்டு, இந்த நிலையம் ஏன் சாகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

தவறு முழுக்க என்னுடையது. இடிதாங்கியும் எர்த்தும் நல்லபடியாகப் போட்டிருந்தேன். அதை அண்ணியிடம் சொல்லத் தோன்றவில்லை. இந்த வீட்டில் கரண்ட் போவதே இல்லை என்று மாற்று பேட்டரியும் வைக்கவில்லை. உடனே ஆர்டர் போட்டேன்; வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வியாழனுக்கு மூன்று நாள்தான். "இடி இதுக்குள்ள வராது அண்ணி, எல்லாம் போட்டிருக்கேன். இனிமே தொடாதீங்க" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். "சரிம்மா" என்றார். மன்னிப்பு கேட்டிருக்க வேண்டும். ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வரும் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் போன் போடவில்லை.

வியாழக்கிழமை தீவில் நல்ல வெயில். மரங்களை அகற்றிய வயல் வெட்டவெளியாகக் கிடந்தது. நானும் மேனேஜரும் வரப்போரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். என் கையில் இருந்த திரையில் பச்சைப் புள்ளி. அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைக்காமல் போய்க்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு வடக்கே, கிள்ளான் பக்கம், வானம் கறுத்தது. அண்ணி சொன்ன சொல் தவறமாட்டார். ஆனால் கை என்று ஒன்று இருக்கிறதே. அத்தனை வருடப் பழக்கம், இடி கேட்டதும் அது பாட்டுக்குப் போய்ப் பிடுங்கிவிடாதா?

நான்கு மணி ஆனது. புள்ளி பச்சையாகவே இருந்தது. நாலரைக்கும் பச்சை. கடைசி வரிசை முடிந்ததும் மேனேஜர் வயலுக்குள் இறங்கி, குழிகளை ஒரு கோடியிலிருந்து குனிந்து பார்த்தார். பிறகு டிராக்டர் பக்கம் திரும்பி, "அண்ணே, அடுத்த பிளாக்கும் நீங்கதான்" என்று கத்தினார்.

நான் நாலு எட்டு தள்ளிப்போய் அண்ணிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகுதான் எடுத்தார். பின்னால் இடி உருண்டுகொண்டிருந்தது.

"அண்ணி, அங்க இடியா?"

"காது கிழியுதும்மா. டிவி, பிரிட்ஜு எல்லாம் புடுங்கிட்டேன். அத மட்டும் தொடல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதான் பெட்டி பக்கத்துலயே உக்காந்துகிட்டு ரெண்டு கையையும் சப்பாத்தி மாவுல விட்டுட்டேன். மாவுக் கையோட பிளக்கத் தொட முடியாதுல்ல. போனக்கூட மூக்காலதான் எடுத்தேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாவுப் பாத்திரத்தோடு மூன்று மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

"அவரு கழுத்து வலிக்குதுன்னாராம்மா?"

நான் டிராக்டரைப் பார்த்தேன். "இல்ல அண்ணி. காலையிலருந்து ஒரு தடவகூட அவரு திரும்பிப் பாக்கல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணி, அன்னைக்கு நான் கத்துனது ரொம்பத் தப்பு. மன்னிச்சிருங்க."

"அத விடும்மா. அவரோட நீயும் வந்துரு. மாவு ரொம்பப் பெசஞ்சுட்டேன்."

சாயந்தரம் போனபோது மேஜையில் சப்பாத்தி மலையாகக் குவிந்திருந்தது. அண்ணன் சாப்பிட உட்கார்ந்தார். நான் வழக்கம்போல அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து, மேனேஜர் சொன்னதையெல்லாம் அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அண்ணனை ஏதோ கேட்டேன். அவர் வாயில் சப்பாத்தியோடு உடம்பையே திருப்பி எனக்குப் பதில் சொன்னார். பிறகு கழுத்தை மட்டும் லேசாக இடது பக்கம் திருப்பி, "இன்னொண்ணு போடு" என்றார். அண்ணி அங்கேதான் நின்றிருந்தார். குருமாவும் தண்ணீர்ச் செம்பும் அந்தப் பக்கம்தான் இருந்தன, அண்ணியின் நாற்காலியும் அங்கேதான் இருந்தது. எத்தனை வருடமாக அப்படி இருக்கிறதோ, நான் கவனித்ததே இல்லை.

என் தட்டை எடுத்துக்கொண்டு நானும் இடது பக்கம் போய் உட்கார்ந்தேன்.