ஒரு சாண் இம்பாலா

என் பெயர் வீரசிங்கம். பதுளையில், பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் தெருவில், ஒரு மாடியறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறேன். பல் வைத்தியர் வாயில் அளவெடுத்து அனுப்புவார். நான் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு வடித்து, பல் பதித்துக் கொடுப்பேன். இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வேலை நன்றாக அமைந்துவிட்டால் அது யார் கண்ணிலும் படாது. 'இது செட்டா?' என்று எவராவது கேட்டுவிட்டால் அது என் தோல்வி. பசறையிலும் லுணுகலையிலும் எத்தனையோ பேர் என் பற்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவராவது இது வீரசிங்கத்தின் கைவேலை என்று சொன்னதில்லை. அந்த ஏக்கத்தில்தான் நான் கார் கட்டப் போனேன் என்று இப்போது பெரிய மனிதன் போலச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது வாய்க்கொழுப்பில் தொடங்கியது.

1996இல் என் மனைவி விஜிதாவின் தம்பி சுபாஸ் கனடாவிலிருந்து போன் எடுத்தான். புதிதாக வேலை கிடைத்த குஷியில் இருந்தான்.

"என்ன வேணும் மச்சான்? வெக்கப்படாம கேளுங்க."

"ஒரு கார் அனுப்பு" என்றேன்.

அனுப்பிவிட்டான். தபால் கந்தோரில் கையெழுத்து வாங்கிய எழுத்தர், பொதியில் 'ஷெவர்லே கார்' என்று எழுதியிருந்ததைக் கூட்டத்துக்கே கேட்கும்படி வாசித்தார். நான் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவதற்குள் சலூன்காரர் வழிமறித்து, "அண்ணே, கார் கொழும்பு துறைமுகத்துலயா நிக்குது?" என்று விசாரித்தார்.

பெட்டியின் மேல் ஐம்பத்தேழாம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் ஒன்று நீல வானத்தின் கீழ் பளபளத்தது. உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகள், மாங்காய்க் கொத்து மாதிரி குச்சிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. விஜிதா எட்டிப் பார்த்தாள்.

"ஒடஞ்சில்ல வந்திருக்கு. தம்பிக்கு எழுதிப் போடுங்க."

துண்டுகளை வெட்டியெடுத்து ஒட்டினால் ஒரு சாண் நீளத்தில் கார் வரும் என்று அவளுக்கு விளக்கினேன். விளங்கியது போலத் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஒட்டும் பசையும் சாயமும் பெட்டியில் இல்லை. விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். பசைக்கா பஞ்சம் என்று நினைத்தேன். பல் செட்டுக்கு அச்சுத்தூளில் கலக்கும் திரவம் என்னிடம் போத்தல் போத்தலாக இருந்தது. அதைத் தொட்டு வைத்தால் பிளாஸ்டிக் கப்பென்று பிடித்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காக்காரனுக்கே தெரியாத வித்தையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக் கூரைக்குத் தாராளமாகப் பூசினேன். சற்று நேரத்தில் கூரை இளகி, மழையில் நனைந்த அப்பளம் போல உள்ளே விழுந்தது.

அதை வெட்டி எறிந்துவிட்டு, கூரை திறந்த மொடல் என்று சொல்லிக்கொண்டேன். சாயத்துக்கு விஜிதா நகத்தில் பூசும் கியூடெக்ஸை எடுத்தேன். அது பிளாஸ்டிக்கைத் தின்று, கார் முழுக்க அம்மை போட்டது மாதிரி ஆக்கியது. விஜிதாவுக்குக் கார் போனதில் வருத்தமில்லை, கியூடெக்ஸ் போனதில்தான் வருத்தம்.

வெட்கமுள்ளவன் அதோடு விட்டிருப்பான். நான் சுபாஸிடம் இன்னொன்று கேட்டேன். இந்த முறை வந்தது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு இம்பாலா. பின்பக்கம் பருந்து சிறகு விரித்தது போல இருக்கும், அதற்குக் கீழே கண்ணீர்த்துளி வடிவில் இரண்டு விளக்கு. பார்த்தவுடனே மயங்கிவிட்டேன். திரவத்தை இந்தத் தடவை மெல்லிய தூரிகை நுனியில் மட்டும் தொட்டேன். சாயத்தை ஹார்ட்வெயார் கடையில் சின்ன டின்னாக வாங்கி, பல்லுக்கு மெருகேற்றும் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, சிவப்பில் முகம் தெரியும்வரை கொண்டுவந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை. செட்டுக்குக் காத்திருந்தவர்கள் கஞ்சி குடித்தார்கள்.

கட்டி முடித்ததும் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. சந்திப்பவரிடமெல்லாம் காரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். 'என்னிடம் ஒரு பொம்மைக் கார் இருக்கிறது' என்று சொல்ல வாய் வரவில்லை. "நம்ம இம்பாலா" என்றுதான் வரும். எட்டு சிலிண்டர், சிவப்பு, உள்ளே வெள்ளை சீட் என்று அடுக்குவேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளே இறக்கத்தில் மட்டும்தான்.

1999இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மாடசாமி என் அறைக்கு ஏறி வந்தார். அவருடைய மச்சானுக்கு நான் செட் செய்து கொடுத்திருந்தேன். அந்த வாய் வழியாகத்தான் செய்தி போயிருக்கிறது. என் கை முழங்கைவரை சாந்தில் இருந்தது. கார் வீட்டில் இருந்தது.

"அமெரிக்கா கார் ஒண்ணு வச்சிருக்கீங்களாமே?"

"ஆமாங்க. இம்பாலா. அம்பத்தொம்பது." கையிலிருந்த மேல்தாடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

"நல்ல கண்டிசன்ல இருக்குங்களா?"

"ஒரு கீறல் இல்லீங்க."

"எத்தன பேரு உக்காரலாம்?"

"தாராளமா ஆறு பேரு. அந்தக் காலத்து சீட்டுங்க, சோபா மாதிரி."

அவர் முகம் மலர்ந்தது. "வார மாசம் மகளுக்குக் கல்யாணம். கோயிலு அப்புத்தளையில. காரைக் குடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். என்ன வேணுமோ செஞ்சிருவோம்."

கல்யாண மண்டபத்தில், நாலு பேர் பார்க்க, மேசையில் வெள்ளை விரிப்பின் மேல் என் கார். எனக்குத் தோன்றியது அந்தக் காட்சி மட்டும்தான்.

"எதுவும் வேணாங்க. கேட்டதே சந்தோசம். ஆனா நானேதான் கொண்டு வருவேன். வேற ஆளு கை பட்டா ஒடஞ்சிரும்."

"அது நியாயந்தானே" என்றார் மாடசாமி. சொந்தக் காரை எவன் அடுத்தவன் கையில் கொடுப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு பேரும் மிகுந்த மரியாதையோடு கும்பிட்டுப் பிரிந்தோம்.

கல்யாண நாளன்று, இருட்டு விலகுமுன் பஸ் ஏறினேன். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் சப்பாத்துப் பெட்டி, பெட்டிக்குள் பஞ்சில் இம்பாலா. பெரகல சந்தியில் இராணுவச் சோதனை. எல்லோரையும் இறக்கி நிறுத்தினார்கள். அந்த நாட்களில் தமிழன் கையில் பெட்டி இருந்தால் கேள்வி நீளும். எனக்கு வியர்த்தது. சிப்பாய் மூடியைத் திறந்தான், குனிந்து பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் முன்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்து, சிரித்து, பத்திரமாகப் பஞ்சை மூடித் திருப்பித் தந்தார்கள். அன்றைக்கு என் வேலைக்குப் பாராட்டு கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்த இடம் அதுவல்ல.

கொஸ்லந்தயில் இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடந்தேன். கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கூட்டம். ஒருவர் கையில் சாமந்தி மாலை, ஒருவர் கையில் ரோசா நிற ரிப்பன், இளைஞர்கள் இருவர் வாளியில் தண்ணீரும் துணியும். எல்லோரும் எனக்குப் பின்னால் இருந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடசாமி வேகமாக வந்தார். "வாங்க வாங்க. கார எங்க விட்டீங்க? மேல ஏறாதா?"

"கொண்டாந்திருக்கேங்க" என்று பெட்டியைத் திறந்து, இரு கையாலும் இம்பாலாவை எடுத்து நீட்டினேன்.

மாலை வைத்திருந்தவர் மாலையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாளித் தண்ணீரைக் கண்டபோதே விளங்கியிருக்க வேண்டும். ஆறு பேர் உட்காரலாம் என்று சொன்ன என் குரல் எனக்கே காதில் கேட்டது. பூமி பிளந்தால் போய்விடலாம் என்பார்களே, அந்த ஊரில் அடிக்கடி மண் சரிவதாகச் சொல்வார்கள், அன்றைக்கு ஒரு கல்கூட உருளவில்லை.

மாடசாமியின் மனைவி பெரியாயிதான் கிட்டே வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு புருஷனைத் திரும்பிப் பார்த்து, "இதையா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார். அதாவது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான் மட்டுமல்ல. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைத்தெருவில் நஸீர் என்பவரிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. வாடகைக்கு ஓடி ஓடித் தேய்ந்த கார். ஆள் விட்டு அழைத்து வந்தார்கள். ரிப்பன் அதற்குப் போனது. மணப்பெண் விதுஷா பின்சீட்டில் தாய்க்கும் சித்திக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் லொறியில் முன்னால் போய்விட்டார்கள். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? நீங்க முன்னால ஏறுங்க" என்றார் மாடசாமி. "கார் விசயம் தெரிஞ்ச ஆளு. வழியில உதவும்."

அது கோபமா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நஸீருக்கும் அவருக்கும் நடுவில் இடுங்கி உட்கார்ந்தேன், மடியில் பெட்டியோடு. பெரகல சந்திக்குக் கீழே, ஏற்றத்தில், அந்தக் கார் இருமியது, புகைந்தது, நின்றது.

நஸீர் இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கிக் கட்டை கொடுத்தார். மாடசாமி என்னைப் பார்த்தார். "பாருங்க."

பார்த்தேன். நான் கட்டிய இயந்திரம் இரண்டு பாதிகளை ஒட்டினால் வருவது. ஆரஞ்சு நிறம், கறுப்புக் காற்றுவடிகட்டி, அவ்வளவுதான். இங்கே எல்லாமே ஒரே எண்ணெய்க் கறுப்பு, சூடு வேறு. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பெயின்ட் போயிருக்கு" என்றேன்.

நஸீர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாஸ்டர், நீங்க அங்கிட்டு நெழல்ல நில்லுங்க. ஒண்டும் தொட வாணாம்."

நிழலில் நின்றேன். அவர் எதையோ கழற்றி ஊதினார், பிறகு தலையை ஆட்டினார். மாடசாமி பாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். சித்தி அழத் தொடங்கினாள். அந்த நேரம் கீழேயிருந்து, வெல்லவாயப் பக்கத்து பஸ் ஒன்று முனகிக்கொண்டு ஏறி வந்தது. விதுஷா காரிலிருந்து இறங்கி, கூறைச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை.

"அப்பா, ஏறுங்க" என்றாள். "கார்ல போனாலும் அதே கோயிலுக்குத்தானே போறோம்."

பஸ் நிறையச் சனம். மணப்பெண்ணைக் கண்டதும் முன்சீட்டில் இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். கொண்டக்டர் வாசலில் நின்றவர்களை அதட்டிப் பின்னுக்குத் தள்ளினார். நான் கம்பியில் தொங்கிக்கொண்டு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"மாமா, அத இங்க குடுங்க" என்று விதுஷா வாங்கிக்கொண்டாள். பெட்டி நசுங்கியிருந்ததால் காரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கிழவர் ஒருவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, அவள் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். பஸ் முழுக்கச் சிரிப்பு பரவியது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தில் காலையில் இருந்த இறுக்கம் போயிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. பெரகல வளைவில் பஸ் சாய, யாரோ அவள் மேல் விழப் பார்க்க, சின்னதாக ஒரு சத்தம். அவள் விரல்நுனியில் இம்பாலாவின் முன் பம்பரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஒங்க காரும் நின்னுருச்சு மாமா."

முகூர்த்தம் தப்பவில்லை. மாப்பிள்ளை நிமலன், ரிப்பன் கட்டிய காரை எதிர்பார்த்துக் கோயில் வாசலில் நின்றவன், பஸ்ஸிலிருந்து மணப்பெண் இறங்குவதைக் கண்டு ஓடி வந்தான். சாப்பாட்டுப் பந்தியில் மாடசாமி என் இலைக்கு அவரே பாயசம் ஊற்றினார். குனிந்து காதோரம் சொன்னார்: "இனிமே யாராச்சும் கேட்டா, மொதல்ல எத்தன அங்குலம்னு சொல்லிருங்க."

வீட்டுக்கு வந்து விஜிதாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் சொல்லச் சொன்னாள். பம்பரைப் பல் ஈறு செய்யும் தூளில் புதிதாக வார்த்தேன். இளஞ்சிவப்பாக வந்தது. மேலே வெள்ளிச் சாயம் பூசினேன். ஓரத்தில் ஈறு இன்னும் தெரிகிறது.

அதற்குப் பிறகும் விடவில்லை. இப்போது அலமாரியில் ஒரு வரிசையே நிற்கிறது. கேட்பவர்களிடம் அங்குலத்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறேன். சிலர் அதோடு போய்விடுகிறார்கள்.

2004இல் நிமலன் கைமாறி வந்த பழைய த்ரீவீலர் ஒன்று வாங்கினான். அப்புத்தளையிலிருந்து நேரே என் அறைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, விதுஷாவையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தான். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்திருக்கிறார்களாம், முதலில் நான்தான் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்து அதை நசுக்க வேண்டுமாம்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா" என்றேன்.

"தெரியும் மாமா" என்றாள் விதுஷா. "ஒங்களுக்குத் தெரியாதுங்கிறது எங்க எல்லாருக்கும் தெரியும். ஏறுங்க."

ஏறினேன். கையில் சாந்து இருந்தது, துடைத்துக்கொண்டேன். எங்கே திருகுவது, எதை இழுப்பது என்று பார்த்தேன். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் அகப்பட்டது. அழுத்தினேன். ஹோர்ன் அடித்தது. நிமலன் கைதட்டினான். அதுவே போதும் என்று இறங்கிவிட்டேன்.