குடியை விட்டவரோடு ஒரு வைன் சுற்றுலா

என் கணவர் குடியை விட்டுப் பதின்மூன்று மாதமாகியிருந்த நேரத்தில், எங்கள் மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு வைன் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டாள்.

அவள் அப்போது அடிலெய்டில் இருந்தாள். ஒஸ்லோவில் பிறந்து, அம்மருட் என்ற புறநகரில் ஒன்பதாம் மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை. பத்தொன்பது வயதில் சுற்றுலாத்துறை படிக்கப் போகிறேன் என்று சொல்லி, இங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனாள். அந்த நாட்களில் நோர்வேயிலிருந்து நிறையப் பிள்ளைகள் படிப்பதற்காக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். ஆனால் அவள் போனது படிப்புக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு நடந்த விழாவுக்கு என் கணவர் குடித்துவிட்டு வந்திருந்தார். அவளுடைய பெயரைக் கூப்பிட்டபோது எழும்பிக் கைதட்டப் பார்த்து, முன்வரிசைக் கதிரையோடு சேர்ந்து விழுந்தார். ஒரு ஆசிரியரும் நானுமாகத் தூக்கி இருத்தினோம். திரும்பி வரும் ரயிலில் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இருக்கை காலியாகக் கிடந்தும் அதில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவளை நாங்கள் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு மட்டும் தொலைபேசி எடுப்பாள். "வீடு எப்பிடி அம்மா?" என்று கேட்பாள். வீடு என்றால் அப்பா. "பரவாயில்லை" என்பேன். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

என் கணவர் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்தார். பக்குவமாகக் கதைக்கிற, ஆருக்கும் கைநீட்டாத மனிதர். முதலில் வெள்ளிக்கிழமைகளில் குடித்தார். பிறகு எந்தக் கிழமை என்றில்லை. ஒரு மார்கழி மாதத்தில் ரயில் நிலையப் படியில் உறைபனியில் சறுக்கி விழுந்து தோள் எலும்பு உடைந்தது. கட்டுப்போட்ட கையோடு குடும்ப வைத்தியரிடம் போனபோது, அந்த வைத்தியர் தோளைப் பற்றி இரண்டு நிமிடமும் ஈரலைப் பற்றி இருபது நிமிடமும் கதைத்தார். அடுத்த கிழமை தொடங்கி ஒவ்வொரு வியாழக்கிழமையும் பக்கத்தில் குருருட் என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தின் கீழறையில் கூடுகிற, குடியை விட்ட ஆட்களோடு போய் இருந்தார். எல்லோரும் நோர்வேக்காரர். "தமிழிலை எண்டால் எனக்கு வாய் திறந்திருக்காது" என்று ஒருநாள் சொன்னார். "நோர்வே பாசையிலை சொல்லேக்கை வேறை ஆரோ ஒருத்தன்ரை கதையைச் சொல்லுற மாதிரிக் கிடக்கும். அதாலை சொல்ல முடிஞ்சது."

மகளுக்கு நான் இதைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய கட்டளை.

அவளுடைய அழைப்பு ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை வந்தது. படிப்பு முடித்து, நோர்வேயிலிருந்து வருகிற ஓய்வூதியக்காரர்களைத் தென் அவுஸ்திரேலியாவில் கூட்டிக்கொண்டு திரிகிற வழிகாட்டியாக அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். சாப்பாடு, வைன், கடற்கரை; ஒன்பது நாள். ஒரு சோடி கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனதில் இரண்டு இடம் மிஞ்சியிருந்தது. "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். மூன்று வருடத்தில் அப்பா என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

நிகழ்ச்சி நிரலை நூலகத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் இருந்து வாசித்தார்.

"போவம்" என்றார்.

"வடிவா வாசிச்சனீங்களே?"

"வாசிச்சனான். முதல் மூண்டு நாளும் ஒவ்வொரு நாளைக்கு ரெண்டு வைன் தோட்டம்."

"அப்ப பிள்ளைக்குச் சொல்லட்டே, நீங்கள் விட்டிட்டியள் எண்டு?"

"வேண்டாம். விட்டிட்டன், விட்டிட்டன் எண்டு அவளுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். இன்னொருக்காச் சொன்னால் ஃபோனை வைச்சிடுவாள். நீர் பேசாமல் இரும். வந்து கண்ணாலை பார்க்கட்டும்."

மாசி மாதம், ஒஸ்லோ வெண்பனிக்குள் புதைந்து கிடக்கையில் புறப்பட்டு, அடிலெய்டில் நாற்பது பாகை வெயிலில் போய் இறங்கினோம். விமான நிலைய வாசலில் மகள் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் கறுத்து, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். தகப்பனுக்கு மற்றப் பயணிகளுக்குக் கொடுத்தது போலக் கை கொடுத்தாள். கை கொடுக்கும்போது அவருடைய முகத்துக்குக் கிட்டக் குனிந்து மூச்சை இழுத்தாள். அவருக்கும் அது விளங்கியிருக்கும். அவர் வாயை மூடவுமில்லை, விலகவுமில்லை. "பயணம் நீளம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

எங்களோடு பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் நோர்வேக்காரர், எங்களைவிட வயது கூடியவர்கள். அதில் ஸ்தவாங்கர் என்ற ஊரிலிருந்து வந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் இருந்தார். குரல் பெரிது, மனமும் பெரிது.

முதல் தோட்டத்தில் நீளமான மேசை. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஐந்து கிளாஸ். மகள் போத்தலைத் தூக்கிக்கொண்டு, இந்தக் கொடி நூறு வருடத்துக்கு மேல் வயதானது, இந்த மண் சிவப்பு மண் என்று நோர்வே மொழியில் சொல்லிச் சொல்லி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவள் கதைத்ததில் பாதி என் காதில் விழவில்லை. அவள் கை எங்கே வருகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தகப்பனிடம் வந்தபோது அவர் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எனக்குத் தண்ணி காணும் பிள்ளை."

அவள் போத்தலோடு அடுத்தவருக்குப் போனாள். அவளுடைய முகம் எனக்குத் தெரிந்த முகம். சபையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் குடித்தவரை அவள் கண்டிருக்கிறாள். அன்று பின்னேரம் நாங்கள் தங்கின அறைக்குள் வந்து, துவாய் இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி அலுமாரியைத் திறந்து பார்த்தாள். துவாய் கட்டிலில் இருந்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே போயின. என் கணவர் பாணையும் ஒலிவ் எண்ணெயையும் சாப்பிட்டார். ஆட்டுப்பாலில் செய்த பாற்கட்டியை முகர்ந்து பார்த்து, இது நல்லது, இது மணக்குது என்று எனக்குப் பிரித்துச் சொன்னார். நான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள். மற்ற நேரமென்றால் அந்தச் சாப்பாடுகளைத் துருவித் துருவிப் பார்த்திருப்பேன். அந்த மூன்று நாளும் என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

நாலாம் நாள் கடற்கரைக்குத் திரும்பினோம். உப்பேரிகளின் ஓரமாக மணிக்கணக்காக ஓடி, றோப் என்ற சின்ன மீன்பிடி ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சிங்க இறாலை அவித்து, இரண்டாகப் பிளந்து, வெண்ணெயோடு வைத்தார்கள். வெள்ளை வைன் குளிர்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது. கடை ஆள் கேட்காமலே என் கணவரின் கிளாஸிலும் ஊற்றிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கிளாஸ் சாப்பாடு முடியுமட்டும் அவருக்கு முன்னால் அப்படியே இருந்தது. மகள் மேசையின் அந்தத் தலைப்பில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இறாலை முழுவதும் சாப்பிட்டார். பிறகு, கொஞ்சம் நடந்திட்டு வாறன் என்று எழும்பிப் போனார்.

புறப்படுகிற நேரம் வந்தது. எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அவரைக் காணவில்லை. கால் மணித்தியாலம் பார்த்தோம். மகள் சாரதியிடம் ஏதோ சொல்லிவிட்டு இறங்கி விறுவிறு என்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவள் அங்கும் இங்கும் தேடவில்லை. நேரே கடற்கரையைப் பார்த்தபடி இருந்த மதுக்கடைக்குப் போனாள்.

அவளுக்குப் பழக்கம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த குடிக்கிற இடத்தின் வாசலுக்கு அவளைத்தான் நான் அனுப்புவேன். பிள்ளை போய்க் கூப்பிட்டால் வருவார், நான் போனால் சண்டை வரும் என்று. அவள் அந்தக் கதவைத் தள்ளின விதத்தைப் பார்த்தபோதுதான், நானும் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

உள்ளே அவர் இல்லை. இரண்டு கிழவர்கள் குதிரை ஓட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் பின்பக்கம் போய் ஆண்கள் கழிவறைக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். தெருவுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தோம். தபால் நிலையத்துக்கு முன்னால் ஒரு தொலைபேசிக் கூண்டு. அதற்குள் அவருடைய நீலச் சேட்டு தெரிந்தது.

கதவு பாதி திறந்திருந்தது, வெக்கைக்காக. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நோர்வே மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒருவர் பத்திரிகை போடுகிறவர். ஒஸ்லோவில் விடிய ஐந்து மணிக்கு முழித்திருக்கிற ஆள். அவரோடுதான் கதைக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இல்லை, குடிக்கவில்லை" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனால் இன்றைக்கு ஆசை வந்தது. கிளாஸ் முன்னாலேயே இருந்தது. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு வாய் குடிக்கலாமோ என்று நினைத்தேன். பதினாலு மாதத்தில் இப்படி வந்ததில்லை. அதுதான் எழும்பி வந்துவிட்டேன்." பிறகு கனநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஓம்" என்று தமிழில் சொல்லி, உடனே திருத்தி, நோர்வே மொழியில் "ஆமாம், ஆமாம்" என்றார். அந்த மனிதர் என்ன சொன்னாரோ, கடைசியில் ஒருமுறை சிரித்தார்.

வெளியே வந்தபோது எங்களைக் கண்டார். ஒளிக்கிறவரின் முகம் இல்லை அது. களைத்த முகம்.

மகள் நடைபாதை விளிம்பில் இருந்துவிட்டாள். "பதினாலு மாசமோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? அம்மா, நீங்களும் சொல்லேல்லை."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் தடுத்து, "நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்" என்றார். அவளுக்குப் பக்கத்தில், அந்த வெயிலில், தரையில் இருந்தார். உடைந்து பொருந்தின தோளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் உங்களைச் சும்மா கூப்பிடேல்லை அப்பா. ரெண்டு இடம் மிஞ்சினது உண்மை. ஆனால் நீங்கள் இஞ்சை வந்து, என்ரை வேலையிடத்திலை, எல்லாருக்கும் முன்னாலை குடிச்சு விழுந்தால், அதோடை முடிஞ்சுது எண்டு நினைச்சனான். பிறகு நான் உங்களை நினைச்சு அழத் தேவையில்லை."

பெற்ற தகப்பனுக்கு வைக்கிற பரீட்சையா இது என்று எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு வரவில்லை.

"வேறை என்ன செய்வாய்" என்றார். "என்னை நம்பிறதுக்கு நான் உனக்கு ஒண்டும் வைக்கேல்லைத்தானே."

அவள் அவருடைய தோளில் தலையை வைத்தாள், நல்ல பக்கத்துத் தோளில். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸுக்குத் திரும்பியபோது முக்கால் மணித்தியாலம் பிந்தியிருந்தோம். மகள் மன்னிப்புக் கேட்க ஒலிவாங்கியை எடுத்தாள். அதற்குள் ஸ்தவாங்கர் ஆசிரியை, "உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ?" என்று என் கணவரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். என் கணவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்று, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, தான் குடிக்கு அடிமையாக இருந்தவர் என்றும், இப்போது குடிப்பதில்லை என்றும், இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததால் ஒரு சிநேகிதரோடு கதைக்கப் போனதாகவும் சொன்னார். ஆசிரியை, "அப்படியென்றால் இனி நீங்கள் பாண் இருக்கிற பக்கம் இருங்கள், நான் உங்கள் கிளாஸுக்குப் பொறுப்பு" என்றார். சாரதி பஸ்ஸைக் கிளப்பினார்.

மிச்ச ஐந்து நாளும் எனக்குப் பசித்தது. கம்பியர் மலை என்ற ஊரில் மைநீலமாகக் கிடந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு இறைச்சி வைத்துச் சுட்ட இரண்டு மாப்பண்டம் சாப்பிட்டேன். தகப்பனும் மகளும் முன்னால் நடந்தார்கள். பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. தபால் வேலை எப்படி, அம்மருட்டில் மின்தூக்கி திருத்தினார்களா என்று அவள் கேட்க, அவர் பதில் சொல்லிக்கொண்டு போனார். ஒருமுறை அவள் சிரித்தது பின்னால் வந்த எனக்குக் கேட்டது.

எட்டாம் நாள்தான் அந்தப் பயணத்தின் பெயர்பெற்ற இடம். கடலுக்குள் தனித்தனியாக நிற்கிற பெரிய பாறைகள். அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் கடற்கரை வளைவுகளில் ஆடி ஆடிப் போக, நான் கண்ணாடியில் தலையைச் சாய்த்தேன். முழித்துப் பார்த்தபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது, வெயில் மறுபக்கத்துக்கு மாறியிருந்தது, என் மேல் மகளுடைய மேற்சட்டை கிடந்தது.

"பாறை எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அது போய் ஒரு மணித்தியாலம்" என்றார் என் கணவர். "எழுப்பிப் பார்த்தம். நீர் எழும்பேல்லை."

ஆசிரியைக்குத் தாங்க முடியாத கவலை. தன்னுடைய கமெராவை நீட்டி, அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு பாறையாக எனக்குக் காட்டினார். மற்றவர்களும் கமெராக்களைக் கொண்டுவந்தார்கள். எல்லாப் படத்திலும் ஒரே பாறைகள், முன்னால் வேறு வேறு ஆட்கள். ஒரு படத்தில் என் கணவரும் மகளும் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒஸ்லோவில் ஆராவது அந்தப் பாறைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டால், ஓம் என்றுதான் சொல்லுகிறேன்.