நர்ஸம்மாவின் சின்னக் கார்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸம்மாவுக்கு அன்று வந்த கோபம் லேசில் அடங்கவில்லை.

பழைய கார்களைப் பற்றி எழுத ஒரு பத்திரிகைக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். ஷெட்டில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று, கணவருக்கு அவருடைய அப்பா விட்டுப்போன, கப்பல் மாதிரியான கார். மற்றது அதற்கு ஒரு தலைமுறை பிந்தியது. நர்ஸம்மா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சின்னக் கார்.

"இது இரும்பு சார், இரும்பு!" என்று பெரிய காரின் பானெட்டைத் தட்டினார் கணவர். "அது வெறும் தகர டப்பா. அதைப் பத்தி எழுதவே வேணாம்."

தண்ணீர் கொண்டுவந்த நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது.

"நல்லா எழுதுங்க சார். எனக்குப் பிரசவ வலி எடுத்தப்போ இவரோட இரும்பு ஸ்டார்ட்டே ஆகல. பக்கத்து வீட்டுக்காரரோட காய்கறி வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே பொண்ணு பொறந்துட்டா. அப்புறம்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டு இதை வாங்கினேன். ஒரு நாள்கூட என்னை நடுரோட்டுல நிறுத்தினதில்ல. இவருக்கு நெஞ்சுவலி வந்தப்பவும் இதுலதான் படுத்துட்டு வந்தாரு. அப்போ டப்பான்னு தெரியலையா?"

"வெளியாள் முன்னாடி எதுக்கு இதெல்லாம்?" என்று முனகினார் கணவர்.

"வெளியாள் முன்னாடிதானே நீங்களும் சொன்னீங்க?"

பத்திரிகைக்காரர் சத்தமில்லாமல் சின்னக் காரையும் படமெடுத்துக்கொண்டார்.

மறுநாள் தன் அக்கா வீட்டுக்குப் போக, கணவர் சின்னக் காரின் சாவியைக் கேட்டார்.

"பஸ் ஓடுதே," என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார்.