எங்கள் படகை நாங்களே ஏலம் எடுத்தோம்

போன செவ்வாய்க்கிழமை கடலூரில் ஒரு படகை ஏலத்தில் எடுத்தோம். யாருடைய படகு? எங்களுடையதேதான்!

செஞ்சிக்காரனுக்குப் படகு எதற்கு என்று சிரிக்காதீர்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பினால் எங்கள் அக்கரைத் தெருவுக்குப் பாதை முழுகிவிடும். போன மழையில், பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கி வந்து கரையிலேயே நின்றோம்... தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டு அருளப்பனின் மருமகள். இப்போது மறுபடியும் எட்டு மாதம்.

அதனால்தான் தெருவே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற காசைப் போட்டது. தட்டையான அடி, ஒரு கட்டில் தாராளமாகக் கிடக்கும் அகலம் — இப்படி அளவு சொல்லிச் செய்யச் சொன்னோம். மரம் வாங்க வேண்டும் என்றார் படகு கட்டும் கொட்டகை முதலாளி. முழுப் பணத்தையும் அட்வான்ஸாகக் கொடுத்தோம். அப்புறம் எப்போது போனாலும், "யுத்தம் சார்... ஆணி கிடைக்கல."

கடைசியில் அவருக்குக் கடன் கொடுத்தவர் கொட்டகையையே ஜப்தி செய்துவிட்டார். பாதி முடிந்த எங்கள் படகும் அதில் சேர்த்தி.

"ரசீதுல பணம் வாங்கினதுதானே இருக்கு? மரம் உங்களதுன்னு எங்க இருக்கு?" என்றார் கடன்காரரின் குமாஸ்தா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

அருளப்பன் கொதித்துவிட்டார். "இன்னாங்க நாயம் இது? எங்க துட்டுல வாங்கன மரம், எங்க கட்டிலுக்கு அளவெடுத்த படகு... அடுத்தவன் கடனுக்கா போவும்?"

போகுமாம். சட்டம் அப்படியாம்! எவனோ வாங்கிய கடனுக்கு எங்கள் மல்லாட்டைக் காசு பலி. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சரி, ஏலத்திலாவது எங்களோடு யார் போட்டி போடுவார்கள்? அந்த அகலப் படகு கடலுக்கு ஆகாதே! ஆனாலும் ஒருவர் எங்களுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார். விசாரித்தால்... கடன்காரரின் மைத்துனர்! மருமகளின் கம்மலை அடகு வைத்துக் கொண்டுவந்த பணமும் தீர்ந்த பிறகுதான் படகு எங்களுக்குப் படிந்தது.

மீதி வேலையைத் தச்சர்களிடம் ஒப்படைத்தோம். இந்த முறை வேலை முடிய முடியத்தான் காசு. கிளம்பும்போது அருளப்பன் மடியிலிருந்து செங்காவிப் பொட்டலத்தை எடுத்தார். சந்தையில் ஆடு வாங்கினால் இது எங்களது என்று கையோடு ஒரு குறி போடுவோமே, அதே குறியை ஒவ்வொரு பலகையிலும் போட்டார்.

"ரெண்டு ரூபா ஆட்டுக்குப் போடுறோம். இதுக்குப் போடாம உட்டுட்டமே சார்..."

முன்பணம் கொடுக்கப்போகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் குறி, பிறகு காசு.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது மேற்கே வானம் கறுத்திருந்தது. மழையே, நீயாவது எங்களுக்குக் கொஞ்சம் தவணை கொடு!