திடலில் மட்டும் வந்த புகை

எங்கள் வீட்டில் இந்த நிகழ்ச்சி மூன்று விதமாகச் சொல்லப்படுகிறது. என் கணவர் சொல்லும்போது புகை கரியதாக இருக்கிறது. வண்டியைப் பழுதுபார்த்த மெக்கானிக் சொல்லும்போது நீலமாகிவிடுகிறது. என் தம்பி சொல்லும்போது அது காஞ்சிபுரத்துத் திடலையே மறைத்துவிடுகிறது. தம்பி அந்தத் திடலுக்கு வந்ததே இல்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும், நான் இல்லாத இடத்தில் இருந்த இருவர் தனித்தனியே ஒன்றுபோலச் சொன்னதையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். அதற்கு அப்பாற்பட்டது வந்தால், உறுதியற்றது என்று சொல்லியே எழுதுவேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் ஸ்ரீபெரும்புதூரில் தமிழாசிரியை. என் கணவர் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தார். கல்யாணமோ சாவோ நேர்ந்தால்தான் அந்த வண்டிக்கு வேலை. பெரிய சாலையை ஒட்டிப் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலை ஒன்று, சென்னையிலிருந்து நாள்தோறும் ஓர் அதிகாரியை அழைத்துவர மாத வாடகைக்குக் கார் தேடியது. இவருடைய காரையே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வண்டிக்குப் புதிய தகுதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். தவறினால் திருவள்ளூர்க்காரர் ஒருவரின் கார் ஆயத்தமாக இருந்தது. எஃப்.சி. என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சான்றைப் பொறுத்தே எங்கள் பிழைப்பு இருந்தது.

முதல்முறை அவரும் மெக்கானிக்கும் மட்டும் காஞ்சிபுரத்தில் வண்டிகளைச் சோதிக்கும் திடலுக்குப் போனார்கள். விளக்கும் பிரேக்கும் சரியாக இருந்தன. கடைசியில் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். பின்னால் புகை வந்தது. சரிசெய்துகொண்டு வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார். இதுவரை இருவர் பேச்சும் ஒத்துப்போகிறது. நிறத்தில்தான் முரண்பட்டார்கள்.

“அட்டக் கருப்புப்பா. நான் கண்ணாடில பாத்தேன்” என்றார் என் கணவர்.

“கண்ணாடில பாத்தா உன் மூஞ்சிதான் கருப்பா தெரியும்ணே. நான் பின்னாலயே நின்னுக்கினு இருந்தேன். நீலம்” என்றார் மெக்கானிக்.

ஒரு நிறத்துக்காக இப்படிச் சண்டையிடுவானேன் என்று கேட்டேன். கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறதாம். அரை நாளில் சரிசெய்துவிடலாம். நீலப்புகை என்றால் பெட்ரோல் எரியும் இடத்துக்குள் எண்ணெய் புகுந்து எரிகிறதாம். அதற்கு எஞ்சினையே இறக்கவேண்டியிருக்கும். எங்களுக்கு வேண்டியது கரும்புகை. ஆகவே கரும்புகை என்றே கொண்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வீட்டு வாசலில் நிறுத்தி அழுத்திப் பார்த்தோம், புகை இல்லை. மண்ணூர் வரை போய்த் திரும்பினோம். பின்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து நானே பார்த்துக்கொண்டு வந்தேன். புகை இல்லை.

இரண்டாம்முறை பள்ளி விடுமுறையாதலால் நானும் போனேன். திடலுக்குச் சற்று முன்னே ஒரு புளியமரத்தடியில் அவர் வண்டியை நிறுத்தினார். எஃப்.சி.க்கு வரும்போதெல்லாம் அங்கே நிறுத்தி வண்டியைச் சிங்காரிப்பது அவருடைய வழக்கமாம். வண்டியின் வெளிப்புறத்தைத் துடைத்தார். சக்கரங்களைக் கழுவினார். பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேலிருந்த வட்டமான இரும்புக் கலத்தைக் கழற்றினார். ஏர் கிளீனர் என்பது அதுதான். உள்ளே போகும் காற்றிலுள்ள புழுதி, அதன் அடியில் தேங்கிய எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். சேறாகிக் கிடந்த பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதியதைத் தாராளமாக ஊற்றினார். அளவுக்கோடு இருந்ததா, எண்ணெய் அதைத் தாண்டியதா என்று நான் பார்க்கவில்லை.

“தொறந்து பாத்தா பளிச்சுனு இருக்கணும்ல?” என்றார்.

திடலில் நீண்ட வரிசை. நிறுத்தினால் மறுபடி கிளம்பாதோ என்ற அச்சத்தில் எஞ்சினை ஓடவிட்டபடியே காத்திருந்தார். எங்கள் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் அழுத்தச் சொன்னார். புகை குபுகுபுவென்று வந்தது.

“இன்னாப்பா, கொசுவுக்கு மருந்தடிக்க வந்தியா?” என்றார் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கருமை என்றும் சொல்ல முடியவில்லை, நீலம் என்றும் சொல்ல முடியவில்லை. வெயிலில் வெளிறிய சாம்பல் நிறம். வண்டியின் நிழலில் சற்றே நீலம்போலத் தோன்றியது. மறுபடியும் சான்று கிடைக்காமல் திரும்பும் வழியில் அது மெல்லக் குறைந்தது. சுங்குவார்சத்திரம் தாண்டும்போது புகை அறவே இல்லை.

“ரிங்கு போச்சுண்ணே. இஞ்சின எறக்கிடலாம்” என்றார் மெக்கானிக்.

“எறக்குனா எப்ப ஏத்துவ?” என்றார் என் கணவர்.

“சாமான் மெட்ராஸ்லருந்து வரணும். ஒண்ணாந்தேதிய மறந்துடு.”

எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் அந்த ரிங் தேய்ந்திருந்தால் வீட்டு வாசலிலும் புகை வரவேண்டுமே என்று நான் கேட்டேன்.

“அதான் டீச்சர் எனக்கும் புரியல. வூட்டாண்ட சாதுவா கீது, காக்கிச் சட்டய கண்டா பீடி பத்த வெச்சுக்குது.”

என் கணவர் எஞ்சினை இறக்கச் சம்மதிக்கவில்லை. முதல் தேதிக்கு முன்பாக ஒரே ஒரு சோதனை நாள்தான் எஞ்சியிருந்தது. மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம் என்ற ஐயத்தில் டாங்கியைக் காலிசெய்து வேறொரு பங்க்கில் பெட்ரோல் போட்டார். எஞ்சின் எண்ணெயில் கொஞ்சம் வடித்துவிட்டதாக மெக்கானிக் பின்னாளில் சொன்னார். அதை வேறு யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சோதனை நாளில் விடியலிலிருந்தே மழை. நானும் உடன் போனேன். புளியமரத்தடி சேறாகிக் கிடந்ததால் அவர் அங்கே நிறுத்தாமல் நேரே திடலுக்குள் ஓட்டினார். நாலைந்து வண்டிகளே நின்றன, காத்திருக்க நேரவில்லை. வந்தவர் வேறோர் இன்ஸ்பெக்டர். குடைபிடித்தபடி அழுத்தச் சொன்னார். ஈரக்காற்றில் மெல்லிய ஆவி போல ஏதோ வந்து கலைந்தது. “இன்னொரு தடவை” என்றார். அதே ஆவிதான். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வீடு திரும்பியதும் எனக்கு ஒன்று தோன்றியது. “ஏங்க, இன்னிக்கு ஏர் கிளீனரைத் தொடவே இல்லீங்களே. அதுல ஊத்துன எண்ணெய்தான் காத்தோட உள்ள போயி எரிஞ்சுதோ என்னவோ. வழக்கம்போல எண்ணெய் ஊத்தி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அழுத்திப் பாத்தா தெரிஞ்சிடும்ல?” என்றேன்.

மெக்கானிக் பானெட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். “பாஸானவன கூப்ட்டு மறுபடி பரிட்ச எழுதச் சொல்வீங்களா டீச்சர்? நோண்டாதீங்க.”

என் கணவர் எண்ணெய் டின்னைக் கையில் எடுத்தார். அவருக்கும் தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்ததென்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: “காலைல அந்த ஆபீசரு காத்துகினு இருப்பாரு. உனக்கு காரணம் வேணும். எனக்கு வண்டி ஓடணும்.” எண்ணெய் டின்னை உள்ளே எடுத்துப்போய்விட்டார்.

மறுநாள் காலை வண்டி சென்னைக்குப் புறப்பட்டது. மாத வாடகை நிலைத்தது. அடுத்த எஃப்.சி. வருமுன்பே தொழிற்சாலை புதிய கார் கேட்டது. பழையதை அரக்கோணத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். அவரிடம் அது புகைந்ததா என்று கேட்க வாய்ப்புக் கிட்டவில்லை.

மரத்தடியில் ஊற்றிய எண்ணெயாலா, வரிசையில் நெடுநேரம் நின்று ஓடியதாலா, பெட்ரோலாலா, தேய்ந்த ரிங்காலா, எதனால் அந்தப் புகை வந்தது என்பது எனக்குத் தெரியாது. அதன் நிறம் என்ன என்பதும் தெரியாது.